கோவளத்தில் முதல் ஸ்பிரின்ட் டிரையத்லான்: 2 மணி 1 நிமிடம் 20 விநாடி, அதில் நாலு நிமிடம் கயாக்கைக் கட்டிக்கொண்டு

அரைக்கால்சட்டை (இழையைத் தொடங்கியவர்):

போன ஞாயிறு, சென்னைக்குத் தெற்கே இருக்கிற கோவளத்தில் நடந்தது. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். இங்கே வருகிற ரேஸ் கதை எல்லாம் நினைத்த நேரத்தைவிட முன்னாலேயே முடித்தேன் என்கிற ரகம், என்னுடையது அப்படியில்லை. வயது 41, வேலை கணினி முன்னால், நீச்சல் கற்றுக்கொண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது, அதுவும் என் மகள் சேர்ந்த அதே கோடைக்கால வகுப்பில். அவள் பத்து நாளில் பிடித்துக்கொண்டதை நான் மூன்று மாதத்தில் பிடித்தேன்.

தெரியாதவர்களுக்கு: ஸ்பிரின்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், ஒன்றன்பின் ஒன்றாக, கடிகாரம் நிற்காமல். ஒலிம்பிக் தூரத்தில் சரிபாதி. பெயரை மட்டும் கேட்ட என் மாமனார் "அரை மணியில முடிஞ்சிடும்ல மாப்ள, டிபனுக்கு வந்துடுவீங்கதானே" என்றார்.

14 வாரம் பழகினேன். நீச்சல் வாரம் மூன்று நாள், 25 மீட்டர் குளம். கடைசி மாதத்தில் நிற்காமல் 1000 மீட்டர் வந்துவிட்டது, 24 நிமிடம். சைக்கிள் என்னிடம் இருப்பது ஆறு வருஷப் பழைய ஹைப்ரிட், ஹேண்டில் நேராக இருக்கிற சாதாரண வண்டி. ஓட்டம் ஏற்கெனவே பழக்கம், இரண்டு அரை மாரத்தான் முடித்திருக்கிறேன். அதனால் எனக்கு இருந்த கவலையெல்லாம் சைக்கிளைப் பற்றித்தான். கடலில் பழகினேனா? ஒரே ஒரு நாள், அதுவும் மார்பளவுத் தண்ணீரைத் தாண்டவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு எழுந்து, இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், ஐந்து மணிக்குக் கோவளம். சைக்கிள் நிறுத்துகிற டிரான்சிஷன் இடத்தில் எனக்குப் பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். ஷூவுக்குள் பவுடர் தூவினார், சாக்ஸைப் பாதி சுருட்டி வைத்தார், கால் மணலைக் கழுவ ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் வைத்தார், கடைசியில் தன் சைக்கிளுக்கு மேலே கம்பியில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டினார். எதற்கு என்று கேட்டேன். "திரும்பி வரும்போது மூளை வேலை செய்யாது தம்பி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

6:40க்கு விட்டார்கள். கோவளம் கிழக்கு பார்த்த கடற்கரை என்பது எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் கடலுக்குள் நேராக நீந்தினால் சூரியன் கண்ணுக்குள்ளேயே இருக்கும் என்பது தெரியாது. ஆரஞ்சு நிற மிதவை, ஆரஞ்சு நிறச் சூரியன். முன்னால் போகிறவன் காலைப் பார்த்து நீந்தினேன், அவன் யார் காலைப் பார்த்தானோ.

கரையில் அலை உடைகிற இடத்தைத் தாண்டும்வரை ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தது, யாரோ ஒருவர் உதைத்ததில் கண்ணாடி கொஞ்சம் நகர்ந்தது அவ்வளவுதான். 200 மீட்டர் போயிருப்பேன். தலையை உள்ளே விட்டுக் கீழே பார்த்தேன். பச்சை. அதற்குக் கீழேயும் பச்சை. குளத்தில் எப்போதும் எனக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு ஓடும், அது இல்லை, தரையும் இல்லை. அந்த நொடியில் மூச்சு அறுந்துபோனது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாயைத் திறக்கிறேன், இழுக்கிறேன், இழுக்கிறேன், உள்ளே எதுவும் போகவில்லை. மல்லாந்து மிதக்கலாம் என்று திரும்பினால் ஒரு சின்ன அலை நேராக வாயில். மகள் முகம் எல்லாம் வந்தது, சினிமாத்தனமாக இருக்கிறது ஆனாலும் உண்மை. கையைத் தூக்கிவிட்டேன்.

காவலுக்கு நின்ற கயாக்கில், அதாவது சின்னத் துடுப்புப் படகில், வந்தது ஒரு உள்ளூர்ப் பையன், இருபது வயது இருக்கும், மீனவக் குடும்பத்துப் பையன் என்று பிறகு பேசும்போது தெரிந்தது. "புடிச்சுக்கண்ணா" என்றான். பிடித்தேன். முதலில் நான் கேட்ட கேள்வி, வெட்கமாக இருக்கிறது, "பிடிச்சா அவுட்டா?" என்பதுதான். சிரித்தான். "நான் துடுப்பு போட்டு இழுத்தாதான் அவுட். சும்மா புடிச்சுக்கிட்டு நில்லு." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூச்ச விடுண்ணா, நீ இழுத்துக்கிட்டே இருக்க, விடவே மாட்டேங்கிற" என்றான்.

மூச்சு விடு, மூச்சு விடு என்று நாம் வாழ்க்கை முழுக்கச் சொல்கிறோமே, அதில் 'விடு' என்று ஒரு வார்த்தை இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். விட்டேன். பெரிதாக, உதடு அதிர, குதிரை மாதிரி. நாலைந்து தடவை. உள்ளே இடம் வந்தது.

மிச்ச தூரத்தைத் தவளை நீச்சலும் ஃப்ரீஸ்டைலும் மாற்றி மாற்றிப் போட்டு முடித்தேன். 27:40. என்னுடைய கடிகாரம் 910 மீட்டர் என்றது. மிதவையைத் தள்ளிப் போட்டுவிட்டார்களா என்று இன்னும் சந்தேகம்.

கரையேறி ஓடினால், சரியாக ஊகித்திருப்பீர்கள், என் சைக்கிளைக் காணோம். இரண்டு வரிசை மேலும் கீழும் ஓடினேன். சிவப்புத் துண்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அவர் சைக்கிள் அங்கே இல்லை, அவர் எப்போதோ போயிருந்தார். இந்த முதல் மாற்றத்துக்கு மட்டும் 5:10.

சைக்கிள் 49:30. ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) தெற்கே போய், திருவிடந்தை தாண்டி, வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி, இப்படி இரண்டு சுற்று. திருவிடந்தைப் பெருமாளைக் கல்யாணம் ஆகாதவர்கள் மாலையோடு ஒன்பது சுற்று சுற்றுவார்கள், நான் ஹெல்மெட்டோடு இரண்டு சுற்று. இதில் ஒரு எச்சரிக்கை வேறு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை குழுவாக ஓட்டிப் பழகியவன், முன்னால் ஒருவர் போனால் தானாக அவர் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொள்வேன். பைக்கில் வந்த நடுவர் விசில் அடித்து, பத்து மீட்டர் விடு என்று கை காட்டினார்.

ஓட்டம் 36:15. சாதாரணமாக 29இல் ஓடுவேன். முதல் கிலோமீட்டரில் கால் என்னுடையது இல்லை, யாரோ இரவல் கொடுத்த மரக்கால். எட்டரை மணிக்கு வெயில் தலையில் அடித்தது. ஒரு தண்ணீர்ப் பந்தலில் தர்பூசணி வைத்திருந்தார்கள். அங்கே ஒன்றரை நிமிடம் நின்றேன், வருத்தமே இல்லை.

சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறிய 2:45ஐயும் சேர்த்தால் மொத்தம் 2:01:20. இரண்டு மணிக்கு மேலே போன அந்த 80 விநாடி உறுத்துகிறது. ஆனால் அதைவிட உறுத்துவது அந்தப் பச்சை. குளத்தில் ஒரு கிலோமீட்டர் அடிக்கிறவனுக்கு 200 மீட்டரில் ஏன் இப்படி ஆனது? உங்களில் யாருக்காவது ஆகியிருக்கிறதா?

கிணற்றடி:

ஆஹா, அருமையான எழுத்து. எனக்கு ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று யோசித்தால் காரணம் வேடிக்கையாக இருக்கிறது.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம். ஏழு வயதில் முதுகில் சுரைப்புருடை (மிதக்கிற காய்ந்த சுரைக்காய்க் கூடு) கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டார் எங்கள் சித்தப்பா. அறுபதடிக் கிணறு. அடி எப்படித் தெரியும்? தண்ணீர் எப்போதும் கரும்பச்சைதான், உள்ளே பார்க்கவும் மாட்டோம், பாம்பு இருக்கும் என்ற பயத்தில் தலையைத் தூக்கிக்கொண்டேதான் நீந்துவோம். ஒரு மாதம் கழித்துப் புருடையை அவிழ்த்தார்கள். பின்னாளில் கோயம்புத்தூரில் ஒரு கோச்சிடம் போனபோது அந்த ஆள் என் நீச்சலைப் பார்த்து நொந்துபோனார், தலையைக் கீழே போடு, இடுப்பு முங்குகிறது என்று ஆறு மாதம் திருத்தினார்.

ஆனால் கடலில் முதல்தடவை இறங்கியபோது அந்தக் கிணற்று நீச்சல்தான் கைகொடுத்தது. தலையைத் தூக்கி மிதவையைப் பார்ப்பது எனக்குப் புதிதே இல்லை, அடி தெரியாத தண்ணீரும் புதிதில்லை. உங்களுக்குக் குளம்தான் நீச்சலே. குளத்தில் நீல ஓடு, கோடு, கயிறு, 25 மீட்டருக்கு ஒருமுறை சுவர். 1000 மீட்டர் நிற்காமல் என்று நீங்கள் சொல்வது உண்மையில் நாற்பது தடவை சுவரை உதைத்தது. ஒவ்வொரு உதையிலும் கைக்கு ஒரு குட்டி ஓய்வு. கடலில் அந்தச் சுவர் கிடையாது.

நேர்ப்பேச்சு:

எல்லோரும் தட்டிக்கொடுப்பார்கள், நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபம் வேண்டாம்.

மார்பளவுத் தண்ணீரைத் தாண்டாதவர் திறந்த கடல் போட்டிக்குப் பெயர் கொடுத்ததே தப்பு. அன்றைக்கு எத்தனை கயாக் இருந்தது, ஐந்தா ஆறா? நீங்கள் ஒன்றை நாலு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் வேறு ஒருவர் முங்கியிருந்தால்? நானும் போட்டிகளில் தன்னார்வலராக நின்றிருக்கிறேன், கை தூக்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதே கதைதான் சொல்வார்கள், குளத்தில் நன்றாக வந்தது சார் என்று. நடத்துகிறவர்களும் கட்டணம் வாங்கும்போது "கடலில் நீந்தியிருக்கிறேன்" என்று ஒரு கட்டத்தில் டிக் போடச் சொல்வதோடு சரி. பார்ப்பதில்லை. நீங்களும் டிக் போட்டிருப்பீர்கள்.

அப்புறம் 910 மீட்டர் விஷயம். மிதவையைத் தள்ளிப்போட்டார்கள் என்று சொல்வதற்கு முன் உங்கள் கடிகாரத்தின் வரைபடத்தைப் பாருங்கள். பாம்பு போன தடமாக இருக்கும்.

அரைக்கால்சட்டை:

டிக் போட்டேன். மறைக்க ஒன்றும் இல்லை. அந்த மற்ற ஆள் பற்றி நீங்கள் சொன்னதை நான் அன்றைக்கு யோசிக்கவே இல்லை, இப்போது யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

வரைபடத்தைப் பார்த்தேன். பாம்பு இல்லை, ஜிலேபி.

முட்டுக்காடு மிதிவண்டி:

ஜிலேபி 😂

நாலு நிமிடம் கயாக், ஐந்து நிமிடம் சைக்கிள் தேடல், ஒன்றரை நிமிடம் தர்பூசணி. சார், நீங்கள் ரேஸ் செய்த நேரத்தை மட்டும் கணக்குப் போட்டால் 1:50தான். சீருடையை மாற்றிக்கொண்டு சைக்கிள் எடுத்தீர்களா என்ன, ஐந்து நிமிடம்?

அரைக்கால்சட்டை:

சட்டை மாற்றினேன் 🙈 ஈர உடம்பில் இறுக்கமான பனியன் எப்படி ஏறும் என்று யாரும் சொல்லவில்லை. தோளில் சுருண்டு நின்றுவிட்டது. பின்னால் நின்ற ஒரு பள்ளிக்கூடத் தன்னார்வலர் பையன்தான் இழுத்துவிட்டான், அது உதவி வாங்கியதாகக் கணக்கு வருமோ என்று இன்னும் பயம்.

இதில் இன்னொன்று, ஹெல்மெட்டின் வாரைப் பூட்டாமல் சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டேன், நடுவர் ஒருவர் "வை, வை, வை" என்று கத்தினார். திரும்ப வைத்து, பூட்டி, எடுத்தேன். திரும்பி வரும்போதும் சைக்கிளை மாட்டிவிட்டுத்தான் வாரை அவிழ்க்க வேண்டுமாம்.

வெள்ளைக்கோட்டு:

மருத்துவராக இருப்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கயாக் பையன் சொன்னது. மூச்சு முட்டுகிற உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்ததால் வருவதில்லை, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால் வருவது. புதிதாக ஃப்ரீஸ்டைல் பழகுகிறவர்கள் முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், வாய் வெளியே வந்ததும் அந்த ஒரு நொடிக்குள் விடவும் வேண்டும் இழுக்கவும் வேண்டும். பாதி விடுவார்கள், பாதி இழுப்பார்கள். குளத்தில் மெதுவாக நீந்தும்போது இது ஓடிவிடும். போட்டியில் கூட்டத்தோடு வேகமாகப் புறப்பட்டு, இதயம் 170இல் அடிக்கும்போது ஓடாது. நுரையீரல் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்போது மேலும் மேலும் இழுத்தால் உள்ளே போக இடம் ஏது? அவர் இழுத்தும் போகவில்லை என்கிறாரே, அது இதுதான். மருந்து: முகம் தண்ணீரில் இருக்கிற நேரம் முழுக்க மூக்கு வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருப்பது.

இரண்டாவது, நேர்ப்பேச்சு சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் விஷயம் சரி. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நடந்த மரணங்களையும், இதயம் நின்று காப்பாற்றப்பட்டவர்களையும் சேர்த்து ஒரு ஆய்வு 2017இல் வந்தது. மொத்தம் 135 பேர். அதில் 90 பேருக்கு நடந்தது நீச்சலின்போது. 85 சதவீதம் ஆண்கள், சராசரி வயது 47ஐ ஒட்டி. லட்சம் பேர் கலந்துகொண்டால் 1.74 பேர் என்று வருகிறது, ஆக இது பயந்து ஓடுகிற அளவு எண் இல்லை. ஆனால் நாற்பதைத் தாண்டிய ஆண், அதுவும் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், ஒரு இசிஜியும் டிரெட்மில் பரிசோதனையும் எடுத்துவிட்டுப் பெயர் கொடுக்கலாமே. இறந்தவர்களில் பலருக்கு இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

மூச்சு முட்டலோடு நெஞ்சில் பாரம், நுரை கலந்த இருமல் ஏதாவது இருந்ததா? இருந்தால் இங்கே பதில் எழுத வேண்டாம், நேராகப் போய் ஒருவரிடம் காட்டுங்கள்.

அரைக்கால்சட்டை:

இருமல் இல்லை டாக்டர், உப்புத் தண்ணீர் குடித்ததில் ஏப்பம்தான். ஆனாலும் இந்தப் பதிவைப் படித்த என் மனைவி சனிக்கிழமைக்கு டிரெட்மில் பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டார். நன்றி சொல்வதா திட்டுவதா தெரியவில்லை.

ஈஸ்ட்கோஸ்ட் பார்க்:

சிங்கப்பூரிலிருந்து. எங்கள் ஊர் கடல் கோவளத்தோடு ஒப்பிட்டால் குளம்தான், தூரத்தில் வரிசையாகக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும், அலை என்று ஒன்று பெயருக்கு. ஆனால் கலங்கல் தண்ணீர், நீட்டிய கை விரல் தெரியாது. அதனால் இந்தப் பயம் எனக்கும் உண்டு.

ஜிபிஎஸ் பற்றி: கை தண்ணீருக்குள் போகும்போதெல்லாம் கடிகாரத்துக்குச் செயற்கைக்கோள் சமிக்ஞை அறுந்துபோகும், கை மேலே வருகிற அந்த அரை நொடியில் கிடைத்ததை வைத்துக் கோடு போடும். அதனால் 910இல் கொஞ்சம் கடிகாரத்தின் கற்பனை. மிச்சம் நீங்கள் நிஜமாகவே வளைந்து போனது. நாம் யாருமே நேராக நீந்துவதில்லை, ஒரு கை வலுவாக இழுக்கும், ஒரே பக்கம் மூச்செடுப்போம். ஆறு எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரிக் கண்ணை மட்டும் தண்ணீர்மட்டத்துக்கு மேலே தூக்கிப் பாருங்கள், தலை முழுவதும் வேண்டாம். பார்க்கவேண்டியதும் மிதவையை அல்ல, சூரியனுக்கு எதிரே அது தெரியாது. முதல் நாள் மாலையே போய் மிதவைக்கு நேராக வேறு ஏதாவது பெரிதாக இருக்கிறதா என்று பார்த்து வைப்பேன், கரைக்குத் திரும்பும்போது ஒரு கட்டடம், ஒரு கோபுரம், ஒரு தென்னந்தோப்பு. கிழக்கே போகும்போது கடலைத் தவிர எதுவும் இல்லை, அப்போது கறுப்புக் கண்ணாடி போட்ட நீச்சல் கண்ணாடிதான் ஒரே வழி.

நீலத்துப்பட்டா:

பெண்கள் யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். அதே போட்டியில்தான் இருந்தேன். ஸ்பிரின்ட் பிரிவில் நாங்கள் பதினோரு பேர்.

எனக்குக் கடல் பயம் இல்லை, கடலுக்குப் போகும்வரை நடக்கிற முப்பது மீட்டர்தான் பயம். இறுக்கமான டிரை-சூட், கரையில் ஞாயிறு காலையில் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், செல்போன்கள். முழங்கால்வரை வருகிற, கை வைத்த சூட் ஒன்றைத் தேடித் தேடி வாங்கினேன், அதன் மேல் ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கடைசி நிமிடத்தில் அம்மா கையில் கொடுத்தேன். அம்மா அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம், நான் ஓட்டத்துக்கு வரும்வரை, அதே இடத்தில் நின்றிருக்கிறார். அந்த சூட்டோடேயே சைக்கிள், அதோடேயே ஓட்டம், எதையும் மாற்றவில்லை. என் முதல் மாற்றம் 1:50. அரைக்கால்சட்டை அண்ணா கவனிக்க.

உரசல் புண்ணுக்கு விலை உயர்ந்த களிம்பெல்லாம் வேண்டாம், தேங்காய் எண்ணெய் போதும், கழுத்துப் பின்புறம், அக்குள், தொடை. கண்ணாடி போட்ட பிறகு எண்ணெய்க் கையால் அதைத் தொட்டுவிடாதீர்கள், நான் தொட்டேன், 750 மீட்டரும் மூடுபனி.

கையில் சொறிமீன் பட்டுச் சிவந்து தடித்தது. உள்ளூர் அக்கா ஒருவர் தேய்க்காதே, நல்ல தண்ணி ஊத்தாதே, கடல் தண்ணியிலேயே கழுவு என்றார். சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது.

நேர்ப்பேச்சு அவர்களே, நீங்கள் சொன்னது தவறில்லை, ஆனால் நம்மில் எத்தனை பேருக்குப் போட்டிக்கு முன்னால் பாதுகாப்பாகக் கடலில் பழக இடம் இருக்கிறது சொல்லுங்கள். கடற்கரையில் நின்றால் போலீஸ் இறங்காதே என்கிறது, இறங்காமல் இருப்பதுதான் சரியும்கூட, அந்தக் கரையில் எத்தனை பேர் உயிர் போயிருக்கிறது. கயாக் காவலோடு ஒருவனுக்குக் கடல் கிடைப்பது போட்டி அன்றைக்கு மட்டும்தான். அதனால்தான் போட்டியிலேயே பழகவேண்டியதாகிறது.

நேர்ப்பேச்சு:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

கால்கட்டை:

ஒரு அடிப்படைக் கேள்வி, சிரிக்க வேண்டாம். இவ்வளவு ஆபத்து நீச்சலில்தான் என்றால் அதை ஏன் முதலில் வைக்கிறார்கள்? ஓடி, சைக்கிள் ஓட்டி, உடம்பு நன்றாகச் சூடான பிறகு கடலில் இறங்கினால் என்ன, குளுகுளு என்று முடிக்கலாமே.

கிணற்றடி:

முதல்முதலில் அப்படித்தான் வைத்தார்கள்! 1974 செப்டம்பர் 25, அமெரிக்காவின் சான் டியேகோவில் மிஷன் பே என்கிற இடத்தில், டிரையத்லான் என்ற பெயரில் நடந்த முதல் போட்டி, 46 பேர். அதில் முதலில் ஓட்டம், அப்புறம் சைக்கிள், நீச்சல் கடைசி. 1978இல் ஹவாயில் அயர்ன்மேன் என்கிற நீண்ட தூர டிரையத்லான் தொடங்கியபோது நீச்சல் முன்னால் வந்துவிட்டது, அன்றைக்கு 15 பேர்தான் புறப்பட்டார்கள். காரணம் சாதாரணம். களைத்துப்போன ஓட்டக்காரன் ரோட்டோரம் உட்கார்ந்துவிடலாம், சைக்கிள்காரனும் காலை ஊன்றலாம். களைத்த நீச்சல்காரன் எங்கே உட்காருவான்? அதுவும் ஓட்டத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட பிறகு தண்ணீரில் இறங்கிப் பாருங்கள்.

கால்கட்டை:

புரிந்தது. என் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

வடமராட்சி ரொறன்ரோ:

அண்ணை, வாசிச்சு முடிச்சன். எனக்கும் இது நடந்தது, ஆனால் காரணம் குளிர். இங்கே ஒன்ராறியோ ஏரியில் ஜூன் மாதத்திலும் தண்ணீர் எலும்பைத் தொடும். முகம் பட்டவுடனே நெஞ்சு விறைத்து மூச்சு தன்பாட்டில் கெதியாக அடிக்கத் தொடங்கும், நிறுத்த ஏலாது. போதாததற்கு வெட்சூட் (குளிர் தாங்குகிற ரப்பர் உடை) வேறு நெஞ்சை இறுக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஸ்பிரின்ட் தூரத்துக்குத் தண்ணீர் 22 டிகிரிக்கு மேலே என்றால் எங்களைப் போன்ற வயதுப்பிரிவுக்காரருக்கு, அதாவது தொழில்முறை வீரர் அல்லாதவருக்கு, வெட்சூட்டே கூடாது, சென்னைக் கடல் எந்த மாதமும் அந்த அளவுக்குக் குளிராது.

நான் பழகிய விதத்தைச் சொல்கிறேன். தொடக்க மணிக்குப் பத்து நிமிசத்துக்கு முதலே தண்ணீருக்குள் வெளிக்கிட்டுப் போய், முகத்தை உள்ளே வைத்துக் குமிழி மட்டும் விட்டுக்கொண்டு நிற்பன். அந்தப் பதட்டம் வாறதென்றால் அங்கேயே வந்துபோகட்டும். அப்புறம் எல்லாரும் பாய்ந்து போகும்வரை எண்ணி முப்பது விநாடி நின்று, கரையோரமாகக் கடைசியில் போவன். முப்பது விநாடியைக் கொடுத்தால் நாலு நிமிசம் மிச்சம்.

எங்கடை ஊரில் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் நான், சின்னனில் நாள் முழுக்கக் கடலில்தான் கிடப்போம். அப்படியிருந்தும் நாற்பது வயதில் ஏரியில் பயந்தன். ஆகையால் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முட்டுக்காடு மிதிவண்டி:

எல்லோரும் நீச்சலையே பேசுகிறீர்கள். நேரமாகப் பார்த்தால் ஸ்பிரின்டில் நீச்சலைப்போல இரண்டு பங்கு சைக்கிள்தான். ஹைப்ரிடில் 49:30 என்றால் மணிக்கு 24 கிலோமீட்டர், ரொம்பவே நல்ல வேகம், அதுதான் பிரச்சினையும். அந்தத் தண்டனையைத்தான் ஓட்டத்தில் கட்டினீர்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரில் கியரைக் குறைத்து, மிதியை வேகமாகச் சுற்றியிருந்தால் கால் கொஞ்சம் உங்களுடையதாக இருந்திருக்கும். வாரம் ஒருநாள் சைக்கிளிலிருந்து இறங்கிய அதே நிமிடம் ஷூ மாட்டி ஒரு பத்து நிமிடம் ஓடுங்கள். டிரையத்லான்காரர்கள் இதை பிரிக் என்பார்கள். செங்கல் மாதிரி கால் கனப்பதால்தான் அந்தப் பெயர் என்று சிலர் சொல்வார்கள், கதையாகவும் இருக்கலாம், ஆனால் கால் என்னவோ செங்கல்தான்.

சக்கரத்தில் எவ்வளவு காற்று வைத்திருந்தீர்கள்?

அரைக்கால்சட்டை:

கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன், நன்றாக இருந்தது.

முட்டுக்காடு மிதிவண்டி:

ஐயோ.

அரைக்கால்சட்டை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், இழையை மேலே கொண்டுவந்ததற்கு மன்னிக்கவும்.

டிரெட்மில் பரிசோதனை சரியாக இருக்கிறது, ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாம், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். மனைவி ஊறுகாய் ஜாடியை ஒளித்துவைத்துவிட்டார்.

போன வாரம் அம்மா ஊருக்குப் போயிருந்தேன், மதுராந்தகம் பக்கம். கிணற்றடி சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்ததால் பெரியப்பா தோட்டத்துக் கிணற்றில் இறங்கினேன். மேலே கயிறு போட்டு பெரியப்பா மகன் நின்றான். தலையை உள்ளே விட்டுக் கண்ணைத் திறந்தேன். அதே பச்சை. நெஞ்சு அதே மாதிரி அடித்தது. குமிழி விட்டேன். கிணற்றில் நீந்துவதற்கு எங்கே இடம், வட்டமாகத்தான் சுற்ற வேண்டும், மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி அரைமணி நேரம் சுற்றினேன். பெரியப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு "இதுக்கா மெட்ராஸ்ல காசு கட்டிக் கத்துக்கிட்ட" என்றார். கடைசிப் பத்து நிமிடம் கீழே பார்த்துக்கொண்டேதான் நீந்தினேன்.

கோவளத்து அந்தக் கயாக் பையனையும் போய்ப் பார்த்தேன். அவனும் அவன் நண்பர்கள் இருவரும் ஞாயிறு காலையில் கடல் அனுமதித்தால் மிதக்கிற பலகையோடு கூட வருகிறார்களாம், ஒருத்தருக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார்கள், அன்றைக்குக் கடல் சரியில்லை என்று அவன் சொன்னால் கரையோடு திரும்பிவிட வேண்டும், பேச்சே கிடையாது. நாலு பேராவது வந்தால் கட்டுப்படியாகும் என்றான்.

நீலத்துப்பட்டா:

நானும் அம்மாவும். அம்மா கரையில்தான்.

நேர்ப்பேச்சு:

நான் வருகிறேன். பலகை என்னிடம் ஒன்று இருக்கிறது, முதலுதவிப் பெட்டியும் கொண்டுவருகிறேன். எல்லோரும் பளிச்சென்ற நிறத்தில் தொப்பி போட்டு வாருங்கள், கறுப்பு நீலம் வேண்டாம், தண்ணீரில் தெரியாது.

முட்டுக்காடு மிதிவண்டி:

நான் நீந்த மாட்டேன், ஆனால் பம்ப் எடுத்து வருகிறேன். அரைக்கால்சட்டை சார் சைக்கிளோடு வரவும்.

அரைக்கால்சட்டை:

அப்போ ஞாயிறு 5:45, ஈசிஆரிலிருந்து கோவளத்துக்குத் திரும்புகிற முனையில் இருக்கிற டீக்கடை. சிவப்புத் துண்டு கட்டிய சைக்கிள் என்னுடையது.